ஒன்பது மணிக்கு முன் உலக முடிவு: மட்டக்களப்பிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு வேனில் போவோருக்கு

முதல் தடவை போனபோது, ஹோர்ட்டன் சமவெளி செங்குத்தாக முடியும் உலக முடிவு என்ற அந்த விளிம்பிலிருந்து நாங்கள் எதையும் பார்க்கவே இல்லை. பதின்மூன்று பேர், ஒரு வேன், இரண்டு நாள் பயணம், நாலு கிலோமீற்றர் நடை. எல்லாம் முடித்து முற்பகல் பதினொன்றரைக்கு அந்த விளிம்பில் போய் நின்றால் முன்னால் வெள்ளையாக ஒரு சுவர். பள்ளமும் இல்லை, மலையும் இல்லை, ஒன்றும் இல்லை. மாமி சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பினார்: "இதுக்கா புள்ள இவ்வளவு தூரம் கூட்டி வந்த? வெள்ளைச் சுவர் எங்கட வளவுலயும் இருக்குதானே."

நான் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவள். அந்தக் கேள்வி உறைத்தது. வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதிப் பார்த்தபோதுதான் பிழை எங்கே என்று தெரிந்தது. எல்லோரும் செய்வதுபோல நாங்களும் முன்னாலிருந்து திட்டம் போட்டிருந்தோம். எத்தனை மணிக்குக் கல்லடியில் வெளிக்கிடுவது, எங்கே சாப்பிடுவது, எங்கே படுப்பது என்று கணக்குப் பார்த்து, மிச்சம் வந்த நேரத்தை உலக முடிவுக்குக் கொடுத்தோம். ஹோர்ட்டன் சமவெளிக்கு அப்படிப் போக முடியாது. அங்கே மாற்ற முடியாதது ஒரே ஒரு நேரம்தான். காலை ஒன்பது மணி. அதைப் பலகையின் அடியில் எழுதிவிட்டு, அங்கிருந்து மேலே பின்னோக்கிக் கணக்கைச் செய்ய வேண்டும்.

ஏன் ஒன்பது மணி என்று பிள்ளைகள் கேட்டார்கள். கேத்தலின் மூக்கைக் காட்டிச் சொன்னேன். உலக முடிவு என்பது சமவெளியின் தென் விளிம்பு. அங்கிருந்து நிலம் சுமார் 870 மீற்றர் நேராகக் கீழே விழுகிறது. காலையில் கீழ்நாடு குளிர்ந்து கிடக்கும்வரை அந்தப் பள்ளம் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏறக் கீழே இருக்கும் ஈரக்காற்று சூடாகி, அந்தக் கற்சுவரில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து முகிலாகிறது. நாங்கள் நிற்கும் இடத்துக்கு வரும்போது அது வெள்ளைச் சுவர். சில நாளில் பத்து மணி வரைக்கும் விட்டுக்கொடுக்கும், சில நாளில் எட்டரைக்கே மூடிவிடும். பெரும்பாலும் ஒன்பது வரை நம்பலாம், அதற்குப் பிறகு அதிர்ஷ்டம்.

சரி, கணக்கு. எட்டரைக்கு விளிம்பில் நிற்க வேண்டும். நடை தொடங்கும் இடத்தை ஃபார் இன் என்பார்கள், பழைய வெள்ளைக்காரர் கால வேட்டை விடுதி, இப்போது பார்வையாளர் நிலையம். அங்கிருந்து உலக முடிவு நாலு கிலோமீற்றர். தனி ஆள் ஒரு மணித்தியாலத்தில் போவார். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்த குடும்பத்துக்கு ஒன்றே முக்கால். ஆக ஆறே முக்காலுக்கு நடக்கத் தொடங்க வேண்டும். டிக்கட் எடுக்க, பைகளைச் சோதிக்க, கழிவறைக்குப் போக எப்படியும் முக்கால் மணித்தியாலம். ஆகவே வாசல் திறக்கும் ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். ஹப்புத்தளையில் தங்கினால் அங்கிருந்து இருட்டில், வளைவில், ஒன்றேகால் மணித்தியாலம். நாலரைக்கு வேன் நகர வேண்டும் என்றால் மூன்றரைக்கு எழும்ப வேண்டும். மூன்றரைக்குப் பதின்மூன்று பேரை எழுப்புவதற்கு முதல் நாள் இரவு எட்டரைக்கு எல்லோரும் படுத்திருக்க வேண்டும். ஆகவே முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் அறைக்குப் போயிருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி வந்தால், மட்டக்களப்பில் விடியப்புறம் ஐந்தரை. எங்கள் முதல் பயணத்தில் நாங்கள் காலை ஒன்பதரைக்குத்தான் கல்லடிப் பாலம் தாண்டினோம். மச்சாளின் தலைமுடி காயவில்லை என்று.

எந்த மாதம் என்பதற்கு எங்கள் ஊர்க் கலண்டரும் மலைக் கலண்டரும் ஒத்து வர வேண்டும். மலையில் வறண்ட காலம் தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கு மழையும் காற்றும் சமவெளியை அடித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரம் நம் ஊரில் கச்சான் காற்று, மண் வெடிக்கும் வெயில். அதனால்தான் ஓகஸ்ட் விடுமுறையில் குளிருக்கு ஆசைப்பட்டு எல்லோரும் கிளம்புகிறார்கள், நனைந்து வருகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் நம் பக்கமே வெள்ளம். சித்திரை வருடப்பிறப்பில் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம், அறை வாடகை கேட்டால் தலை சுற்றும். எனக்கு மாசி மாதம்தான் பிடித்தது. அதற்கும் ஒரு தடை உண்டு. மச்சானுக்குப் படுவான்கரையில் வயல், வெள்ளாமை வெட்டு முடியாமல் அவர் அசையமாட்டார். "வெட்டு மெசின் எப்ப வரும் எண்டு எனக்கே தெரியாது, நீ திகதி கேக்கிறாய்" என்பார். இரண்டாவது தடவை வெட்டு முடிந்து, நெல் ஏற்றி, மறு கிழமை போனோம். கிழமை நாளாகப் பார்த்துப் போங்கள். சனி, ஞாயிறு, போயா தினங்களில் டிக்கட் வரிசையிலேயே ஒன்பது மணி ஆகிவிடும்.

பாதை. செங்கலடிச் சந்தியில் இடப்பக்கம் கிறுகினால் அதுதான் பதுளை வீதி. கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. பிறகு ஹாலிஎலயில் பிரிந்து பண்டாரவளை, ஹப்புத்தளை. மறுநாள் விடியப்புறம் ஹப்புத்தளையிலிருந்து பொரலந்த, ஒஹிய, பூங்கா. போகவர ஏறத்தாழ 450 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் காட்டும் நேரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். அந்த நேரம் வாந்தி எடுக்காத, தேத்தண்ணி குடிக்காத, மூத்திரம் பெய்யாத மனிதர்களுக்கானது.

கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கத்தவர்களுக்குச் செங்கலடி வரை வருவது வீண் சுற்று. அம்பாறையிலிருந்து உகனை வழியாக மகாஓயாவில் வந்து சேரலாம். இல்லை என்றால் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வழியாகப் பெரகலைக்கு ஏறி ஹப்புத்தளையைப் பிடிக்கலாம். அந்த வழியில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி வீதியிலேயே தெரியும். 2014 ஒக்டோபரில் மண்சரிவு விழுங்கிய மீரியபெத்தைத் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளும் அந்தக் கொஸ்லந்தைப் பக்கத்தில்தான். எங்கள் வேனில் இருந்த ஒரு அக்காவின் சொந்தக்காரர்கள் தோட்டத்து ஆட்கள். அந்த இடத்தைத் தாண்டும்வரை ரேடியோவை நிறுத்தச் சொன்னார்.

மண்சரிவை நான் சும்மா சொல்லவில்லை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் வீதிகளையும் ரயில் பாதையையும் எத்தனை இடத்தில் அறுத்துப் போட்டது என்று எல்லோரும் பார்த்தோம். ஆகவே வெளிக்கிடுவதற்கு முதல் நாள் இரண்டு வேலை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை என்ன நிறம் என்று பார்ப்பது ஒன்று. மஞ்சள் என்றால் கவனம், அதற்கு மேல் என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். தங்கப் போகும் இடத்துக்கு அழைத்து, "நாங்க வாற பாதை திறந்திருக்கா, நேற்று மழையா" என்று கேட்பது மற்றது. ஹப்புத்தளையில் தமிழில் கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990, இந்த இரண்டு இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி டிரைவரின் முன்னால் ஒட்டினேன்.

டிரைவர் என்றதும் ஞாபகம் வருகிறது. வேனைப் பேசும்போது எல்லோரும் ஏசி இருக்கா, எத்தனை சீட் என்று கேட்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, மலைக்கு எத்தனை தரம் போயிருக்கிறீங்க?" எங்கள் ஊர் டிரைவர்மார் நல்லவர்கள், ஆனால் தட்டையான வீதியில் வளர்ந்தவர்கள். குடும்பிமலையை விட்டால் அவர்கள் பார்த்த ஏற்றம் கல்லடிப் பாலம்தான். முதல் பயணத்தில் வந்த தம்பி ஒஹியவிலிருந்து பொரலந்தைக்கு இறங்கும்போது முழுப் பாதையும் பிரேக்கிலேயே கால் வைத்திருந்தான். பாதி வழியில் ரப்பர் எரிவதுபோல ஒரு மணம். இவர், என் வீட்டுக்காரர், கண்டுபிடித்து நிற்பாட்டச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் முன் சில்லிலிருந்து புகை. அந்தத் தம்பி உடனே தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினான். நல்ல வேளை, பக்கத்தில் மரக்கறி ஏற்றிக்கொண்டு நின்ற லொறிக்காரர் ஓடி வந்து தடுத்தார். சூடான இரும்பில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும், சும்மா விடு, தானாக ஆறட்டும் என்றார். முக்கால் மணித்தியாலம் வீதியோரத்தில் இருந்தோம். போகும்போது அவர் சொன்னதை டிரைவர் தம்பி மட்டும் இல்லை, நானும் மனப்பாடம் செய்துகொண்டேன்: ஏறும்போது எந்த கியர் கேட்டதோ, அதே கியரில் இறங்கு. பிரேக்கைத் தட்டித் தட்டிப் பிடி, மிதித்துக்கொண்டே வராதே.

வெளிக்கிடும் முன் டயர், பிரேக், வைப்பர், முன் விளக்கு, மஞ்சள் பனி விளக்கு இருந்தால் அதுவும் பாருங்கள். விடியப்புற இருட்டில் ஒஹியப் பாதை ஒரு வாகனம் போகும் அகலம், முழங்கை மடங்கியது மாதிரி வளைவுகள். பெரிய பஸ் என்றால் ஒஹியப் பக்கம் வேண்டாம். நுவரெலியாவில் தங்கி அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறுங்கள். டீசலை பதுளையிலேயே நிரப்பிவிடுங்கள்.

லுணுகலைக்கும் பசறைக்கும் இடையில் வேனில் பேச்சு அடங்கிவிடும். 2021 மார்ச்சில் அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுபக்கம் வயிறு. பிபிலையில் நிற்பாட்டிச் சோறும் இறைச்சிக் கறியும் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு அந்த வளைவுகளில் ஏறினால் பின் சீட்டுப் பிள்ளைகள் உங்களுக்குப் பாடம் படிப்பிப்பார்கள். பிபிலையில் பிளேன்டீயும் பணிஸும் போதும். சோற்றைப் பதுளையில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிக்காயைக் கீறி மணக்கக் கொடுங்கள், இஞ்சித் துண்டு வாயில் போடுங்கள், சத்தி வருகிற பிள்ளையை முன் சீட்டில் வையுங்கள். கைபேசியைப் பறித்து வையுங்கள், குனிந்து பார்ப்பதுதான் பாதிச் சத்திக்குக் காரணம்.

தங்கும் இடத்துக்கு நான் ஹப்புத்தளையைச் சொல்வது என் விருப்பம். ஒஹியவில் தங்கினால் இன்னும் அரை மணித்தியாலம் தூங்கலாம், ஆனால் கடை கண்ணி குறைவு. ஹப்புத்தளையில் இரவு ரொட்டிக் கடை இருக்கும், பார்மசி இருக்கும். அறை பேசும்போது "சுடுதண்ணி இருக்கா" என்று கேட்காதீர்கள், இருக்கு என்பார்கள். "நாலாவது ஆளுக்கும் வருமா" என்று கேளுங்கள். முதல் தடவை நாங்கள் தங்கிய விடுதியில் இரண்டு பேரோடு சுடுதண்ணி முடிந்துவிட்டது. மூன்றாவதாகப் போன இவர் தலையில் சவர்க்காரத்தோடு போட்ட சத்தம் பக்கத்து அறை வெள்ளைக்காரரை வெளியே கொண்டு வந்தது. இன்னொன்று, விடியப்புறம் நாலரைக்கு வெளிக் கேற்றைத் திறந்து விடுவார்களா என்று முதலே கேட்டு வையுங்கள்.

குளிரைப் பற்றி நம் ஆட்களுக்கு விளங்க வைப்பதுதான் பெரிய பாடு. "மார்கழியில எங்கட ஊர்லயும் குளிருதானே" என்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். சமவெளி 2,100 மீற்றருக்கு மேல். ஆகவே மட்டக்களப்பில் 30 பாகை என்றால் அங்கே 16. விடியற்காலையில் இங்கே 24 என்றால் அங்கே 10. தை, மாசியில் வானம் தெளிந்த இரவுகளில் இந்தக் கணக்கும் பொய்க்கும். தரை வெப்பத்தை இழந்து புல்லில் உறைபனி பிடிக்கும். இரண்டாவது தடவை அதைப் பார்த்தோம். டிக்கட் எடுத்து உள்ளே போகும்போது புல்வெளி முழுக்க உப்பளம் மாதிரி வெள்ளை. சின்னவன் ஓடிப்போய் ஒரு புல்லைப் பிடுங்கி வாயில் வைத்தான். "அம்மா, ஐஸ்பழம் போல இருக்கு, இனிப்புத்தான் இல்ல."

ஒருவருக்கு ஒரு தடித்த ஸ்வெட்டர் என்பதைவிட மூன்று மெல்லிய உடுப்பு நல்லது. எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டி வரும். காதை மூடும் தொப்பி, காலுறை, மழைக்கோட்டு. குடை வேண்டாம், விளிம்புக் காற்றில் குடை உங்களைக் கொண்டு போகும். செருப்போடு நடக்கலாம் என்று நினைக்காதீர்கள், கல்லும் வேரும் ஈரமும். பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து போதும், ஆனால் கறுப்பு. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோடு போன என் மகளின் சப்பாத்து இன்னும் செம்மண் நிறத்தில்தான் இருக்கிறது. திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் நானே அவளைப் பிடிக்க வேண்டியதாயிற்று. குளிராக இருந்தாலும் வெயிலில் மூக்கு உரியும், தொப்பியை விடாதீர்கள்.

இப்போது சாப்பாட்டுப் பை. பலர் தடுக்கி விழுவது இதில்தான். வாசலில் வனசீவராசிகள் திணைக்கள ஆட்கள் ஒவ்வொரு பையையும் திறப்பார்கள். பொலித்தீன் எதுவும் உள்ளே போகாது. லஞ்ச் ஷீட், பிஸ்கட் உறை, மிக்சர் பக்கட், கடைப் பை எல்லாம் வெளியே. தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருக்கும் லேபலைக்கூடக் கிழித்து எடுப்பார்கள். முதல் தடவை எனக்கு இது தெரியாது. மாமி விடியப்புறம் எழும்பிக் கட்டிய பதின்மூன்று சோத்துப் பார்சலும் லஞ்ச் ஷீட்டில். எங்களுக்குப் பின்னால் வரிசை. அந்த உத்தியோகத்தர் பிழை சொல்ல முடியாத பணிவோடு, பிஸ்கட்டை உறையிலிருந்து எடுத்துப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்தார். கை கொள்ளாமல் பிள்ளைகள் சட்டையை ஏந்தினார்கள். பார்சல்கள் வேனிலேயே கிடந்தன. நடந்து முடித்து வந்து ஒன்றரை மணிக்குத் தின்றோம், சோறு கல்லாகியிருந்தது.

இரண்டாவது தடவை முதல் நாளே எல்லாவற்றையும் டிபன் பெட்டிகளுக்கு மாற்றினேன். ஊரிலிருந்து வாழையிலையை வாட்டிக் கொண்டு போனேன். அதில் ரொட்டியும் சீனிச் சம்பலும். குளிரில் சோறு விறைக்கும், இடியப்பம் உதிரும், ரொட்டி மட்டும்தான் சொன்னபடி கேட்கும். கச்சானும் பேரீச்சம்பழமும் துணிப் பையில். சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி. ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். பாதையில் கடை கிடையாது, கழிவறையும் தொடங்கும் இடத்தில்தான். சோதனையில் எங்கள் பை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அந்தச் சோதனை ஏன் என்று மேலே போனால் தெரியும். வாகனம் நிற்கும் இடத்தில் மரைகள் வந்து கண்ணாடிக்குள் தலையை விடும். மனிதர் கொடுத்துப் பழக்கியவை. பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிச் செத்த மரைகள் உண்டு. எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் ஒன்றும் கொடுக்காதீர்கள், எட்டி நின்று பாருங்கள். ஆண் மரையின் கொம்பு பக்கத்தில் பார்த்தால் பயம் வரும்.

டிக்கட்டில் ஒரு விஷயம். உள்நாட்டவருக்குச் சிறிய தொகை, வெளிநாட்டவருக்கு அதைப் போல் பல மடங்கு. ஆகவே பெரியவர்கள் அனைவரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும், வேனில் பெட்டிக்குள் அல்ல. சுவிஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ லீவில் வந்திருக்கும் சொந்தக்காரரைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் இதை முதலே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். "நான் பிறந்தது ஆரையம்பதி, எனக்கு ஏன் வெள்ளைக்காரன்ர விலை" என்று என் ஒன்றுவிட்ட அண்ணா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததில் கால் மணித்தியாலம் போனது. கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் பதில் ஒன்றுதான். இரட்டைப் பிரஜாவுரிமைப் பத்திரம் உள்ளவர்கள் அதைக் கொண்டு வர வேண்டும். டிக்கட்டை இணையத்திலேயே எடுத்து வைத்தால் வரிசை மிச்சம்.

நடை ஒரு வட்டம், மொத்தம் ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி, திரும்பவும் ஃபார் இன். பாதை பிரியும் இடத்தில் உலக முடிவுப் பக்கமே போங்கள். நீர்வீழ்ச்சி எங்கேயும் ஓடிப் போகாது, பத்தரைக்கும் விழுந்துகொண்டுதான் இருக்கும். முதலில் திறந்த புல்வெளி, அப்புறம் காடு. அந்தக் காட்டு மரங்கள் நம் ஊர் மரங்கள்போல் உயர்ந்து நிற்காது. காற்று அடித்து அடித்துக் கூன் விழுந்து, உச்சி குடைபோல் தட்டையாக, உடம்பெல்லாம் பாசி. மாமியின் வார்த்தையில், "மரமெல்லாம் கம்பளி போத்திருக்கு." சிவப்பாகப் பூத்து நிற்பது மலைப்பூவரசு. மஞ்சளாகப் பூக்கும் முட்செடியை அழகு என்று படம் எடுப்பார்கள், அது வெள்ளைக்காரர் கொண்டு வந்து போட்ட வந்தேறி, பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது.

பெயர்களும் அவர்கள் வைத்ததுதான். 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயர் சமவெளிக்கு. நீர்வீழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் பேக்கர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் குடியிருந்து யானையையும் மரையையும் வேட்டையாடித் திரிந்தவர். சமவெளியில் இப்போது யானை ஒன்றுகூட இல்லை, அவர் பெயர் மட்டும் தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கிறது. 1988இல்தான் இது தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 3,160 ஹெக்டேயர்தான், ஆனால் மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. பேக்கர் நீர்வீழ்ச்சியில் ஆசை வந்தாலும் இறங்கிக் குளிக்காதீர்கள், ஆட்கள் மூழ்கிப் போயிருக்கிறார்கள்.

விளிம்பில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. எட்டு இருபதுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தோம். முகில் இல்லை. கீழே தேயிலைத் தோட்டம், லயன் வரிசை ஒன்று தீப்பெட்டி அளவில், அதிலிருந்து நூல் மாதிரி புகை. இன்னும் தூரத்தில் குளங்கள் தகடு தகடாக. யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரேயடியாகக் கைபேசியைத் தூக்கினார்கள், அங்கேதான் ஆபத்து. படம் எடுக்கிறவர் பின்னால் நகர்வார், எடுக்கப்படுகிறவரும் பின்னால் நகர்வார். நான் ஒரு விதி போட்டேன்: முதலில் எல்லோரும் தரையில் இருந்து பார்க்க வேண்டும், இருந்தபடியே படம் எடுக்க வேண்டும், சின்னப் பிள்ளையின் கை பெரியவரின் கையில். எட்டு ஐம்பதுக்குக் கீழே ஒரு மூலையில் பஞ்சு மாதிரி ஒரு துண்டு கிளம்பியது. ஒன்பது ஐந்துக்கு லயன் வரிசை மறைந்தது. ஒன்பது இருபதுக்கு வந்த ஒரு கூட்டம் வெள்ளைச் சுவரைப் பார்த்தது.

மாமி இந்தத் தடவை வேனில் வந்தார், விளிம்புக்கு நடந்து வரவில்லை. முழங்கால் விடவில்லை. அப்படியானவர்களை ஊரில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றில்லை. பட்டிப்பொல வாசலுக்கும் ஒஹிய வாசலுக்கும் இடையில் பூங்காவுக்குள்ளேயே வீதி ஓடுகிறது. வாகனத்தில் இருந்தபடியே புல்வெளியையும் மரைக் கூட்டத்தையும் பார்க்கலாம். ஃபார் இன்னில் வெயில் படும் இடத்தில் ஒரு கதிரை, ஒரு போர்வை, பேச்சுக்கு ஒரு ஆள் இருந்தால் மூன்று மணித்தியாலம் போய்விடும். பிரஷர், நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் போவதற்கு முன் டொக்டரிடம் கேளுங்கள், மருந்து கைப்பையில் இருக்கட்டும். அந்த உயரத்தில் நம் ஆட்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், மெதுவாக நடந்தால் சரி. நடைபாதையில் கைபேசிச் சிக்னலை நம்பாதீர்கள். நாங்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால் எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்று முதலே பேசிக்கொண்டோம்.

பன்னிரண்டு மணிக்குள் நடை முடிந்துவிடும். அன்றைக்கே மட்டக்களப்புக்குத் திரும்பலாம் என்று மச்சான் சொல்வார், கேட்காதீர்கள். மூன்றரைக்கு எழும்பிய டிரைவர் பசறை வளைவில் கண் செருகுவார். இன்னொரு காரணம், மகாஓயாவுக்கும் புல்லுமலைக்கும் இடையில் பொழுது பட்ட பிறகு யானை வீதிக்கு வரும். அந்தத் துண்டைப் பின்னேரம் ஐந்து மணிக்கு முன் தாண்டிவிட வேண்டும். ஆகவே இரண்டாவது இரவும் ஹப்புத்தளையில் அல்லது பதுளையில். மூன்றாம் நாள் காலை ஆறுதலாக இறங்கி, மகாஓயா வெந்நீர்க் கிணறுகளில் ஒரு மணித்தியாலம். ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சூடு, சிலதில் கை வைக்க முடியாது. முதலில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வாளியை விடுங்கள். மாமிக்குப் பயணத்தில் பிடித்தது அதுதான். முழங்காலுக்கு ஊற்றி ஊற்றி, "இத மொதல்லயே காட்டியிருந்தா நான் மலைக்கே வந்திருக்கமாட்டேன்" என்றார்.

கடைசியாக மரக்கறி. பொரலந்தை, வெலிமடைப் பக்கத்தில் வீதியோரத்தில் லீக்ஸ், கரட், கிழங்கு, பீட்ரூட் குவித்து வைத்திருப்பார்கள், விலை நம் சந்தையோடு பார்த்தால் ஆசை வரும். வேனில் பதின்மூன்று பேர் இருந்தால் ஒவ்வொருவரும் ஐந்து கிலோ வாங்குவார்கள், அது 65 கிலோ. அதற்கு இடம் வைத்துக்கொண்டு போங்கள். லீக்ஸைக் காலடியில் வைக்காதீர்கள், கூரையில் கட்டுங்கள். எங்கள் வேன் கல்லடிக்கு வந்து இரண்டு கிழமைக்குப் பிறகும், அடுத்த கல்யாண வீட்டுப் பயணத்துக்கு ஏறிய மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம், "தம்பி, வேனுக்குள்ள என்ன வெங்காய மணம்?"